எடை குறைகிற கிறிஸ்துமஸ் தாத்தா

எனிட் கிராப்ட்ரீ தம் வாழ்நாளில் முழுதாக நம்பியது ஒரே ஒரு தராசைத்தான். அது அவருடைய சமையலறையில் இருந்தது. மற்ற தராசுகளை நம்பாமல் இருப்பதற்காக அரசாங்கம் அவருக்கு முப்பத்தொரு வருடம் சம்பளம் கொடுத்தது. யார்க்‌ஷயரின் வடக்கு மூலையில், ஸ்கெல்பியிலும் அதைச் சுற்றிய பதினேழு ஊர்களிலும் அவர்தான் முத்திரை ஆய்வாளர். நிலக்கரி மூட்டை, கசாப்புக்கடைத் தராசு, மதுக்கடைக் கோப்பை எல்லாம் அவர் கண் பட்ட பிறகே யோக்கியமாயின. பழைய கோட்டு, கையில் காய்கறிப் பை, பாவம்போல ஒரு முகம் என்று சாதாரண வாடிக்கைக்காரியாகக் கடைக்குள் போவார். அரைப் பவுண்டு இறைச்சி கேட்பார். வெளியே வந்து நிறுத்துப் பார்ப்பார். மறுபடி உள்ளே போகும்போது முகம் வேறாக இருக்கும்.

ஊரில் அவரை வெறுத்தவர் யாரும் இல்லை. விரும்பியவரும் இல்லை. மழையை மதிப்பதுபோல மதித்தார்கள்.

ஓய்வு பெற்றதும் அவர் ரோஜாச் செடி வளர்ப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கினிப்பன்றி வளர்த்தார். யாரையும் நம்பாத ஒருவர், காகிதப்பை சரசரத்தாலே கேரட் வந்துவிட்டதாக நம்பிக் கீச்சிடும் ஒரு பிராணியை ஏன் வைத்துக்கொண்டார் என்பது அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆறு பன்றிகள். நம் பக்கத்தில் மரக்கால், படி, உழக்கு என்று பெயர் வைத்தால் எப்படியோ அப்படி, அந்த ஊர்ப் பழைய அளவுகளின் பெயர்கள் அவற்றுக்கு. பெரியது புஷல். வெள்ளை நிறம், கொழுத்த கன்னம், சபைத்தலைவர்போல உட்காரும் தோரணை. அடுத்தது பெக். மற்றவை அளவில் இறங்கிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு ஞாயிறும் காலைத் தேநீருக்கு முன் ஆறையும் நிறுத்து நோட்டில் எழுதுவார். இதில் பழைய உத்தியோகப் பித்து பாதிதான். மீதி நியாயமானது. கினிப்பன்றிக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் சொல்வது தராசுதான். பன்றி சொல்லாது.

அவருடைய பன்றிகளை ஊர் முழுக்க அறிந்ததற்குக் காரணம் வேறு. கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை மூன்று மணிக்கு, மெதடிஸ்ட் சபைக் கூடத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் தாத்தா வருவதைப் பற்றிய ஒரு பழைய பாட்டை எனிட்டின் பன்றிகள் நடிக்கும். ‘நடிக்கும்’ என்பது தாராளமான சொல். தலையில் கலைமான் கொம்பு கட்டிய நான்கு பன்றிகள் அட்டைக் கூரைமேல் உட்கார்ந்து வெந்தயக்கீரை அளவுக்கு நறுக்கிய புல்லைத் தின்னும். தூக்கத்தொப்பி போட்ட பெக், வீட்டு அப்பாவாக, பொம்மைக் கட்டிலில் கிடக்கும். சிவப்புக் கம்பளிக் கோட்டும் பஞ்சுத் தாடியும் கறுப்பு இடைவாருமாகப் புஷல் அட்டைப் புகைபோக்கிக்குள்ளிருந்து வெளியே வரும். உள்ளே முட்டைக்கோஸ் வைத்தால் வராது. வெளியே வைத்தால் வரும். இந்த ஆறு வருடமும் வெளியே வைத்தார்கள், ஆறு வருடமும் வந்தது.

பாட்டையும் எனிட் திருத்தி எழுதியிருந்தார். பழைய பாட்டில் அவருக்குப் பல ஆட்சேபங்கள். நடு இரவில் முன்பின் தெரியாத ஆள் ஒருவன் புகைபோக்கி வழியாக இறங்குகிறான், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஒரு கேள்வி கேட்கவில்லை. முதுகில் மூட்டை வேறு. எனிட்டின் பாட்டில் இந்த அலட்சியம் கிடையாது.

*வந்தவர் யாரெனக் கேட்டது அப்பா, வாசலில் நிற்கவைத்து;*
*தந்தது எத்தனை, தருவது எத்தனை, தராசில் ஏற்றிவைத்து.*

ஸ்கெல்பியின் பிள்ளைகள் இதைத்தான் அசல் என்று நினைத்து வளர்ந்தார்கள். பெரிய ஊர்ப் பள்ளிக்குப் போய் இதையே ஒப்பித்து ஆசிரியர்களைத் திகைக்க வைத்தார்கள்.

வாசிப்பவர் நார்மன் ஸ்டாக்டேல். இருபத்தைந்து வருடம் கசாப்புக்கடை நடத்தியவர். ஆடும் மாடும் அவர் கையால் எத்தனை போயிற்று என்று கணக்கில்லை. ஆனால் கினிப்பன்றிக்கு நகம் வெட்ட அவருக்குக் கை நடுங்கும். அவரும் நான்கு கினிப்பன்றிகள் வளர்த்தார், அதில் வெள்ளை ஒன்று, பெயர் கிளெமெண்ட். குரல் நல்ல குரல். பிரசங்கியாருக்கே பொறாமை உண்டு.

அந்த நார்மனின் தகப்பனாருடைய தராசுத் தட்டின் அடியில் ஒரு கட்டிப் பன்றிக்கொழுப்பு ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, வழக்குப் போட்டு, ஊர்ப் பத்திரிகையில் வரவைத்தவர் எனிட். இருபத்தெட்டு வருடத்துக்கு முந்திய கதை. நார்மன் அன்று கடைக்குள் இளைஞனாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டார் என்று ஊர் சொன்னது. எனிட்டின் கணக்கு வேறு. இருபத்தெட்டு வருடம் ஒன்றைப் பேசாமல் இருப்பவன் அதை மறந்தவன் அல்ல, பத்திரப்படுத்தியவன்.

அந்த வருடம் நவம்பர் கடைசி ஞாயிறு. புஷலின் எடை ஆயிரத்து இருநூற்றுப் பத்து கிராம். அடுத்த ஞாயிறு ஆயிரத்து நூற்றறுபத்தைந்து. அதற்கடுத்தது ஆயிரத்து நூற்றிருபது. கோட்டின் இடைவார் மூன்றாம் துளையிலிருந்து ஐந்தாம் துளைக்குப் போயிற்று. இப்படி இறங்கும் கினிப்பன்றி கிறிஸ்துமஸைத் தாண்டாது என்பது எனிட்டுக்குத் தெரியும். மூன்று பன்றிகளைத் தோட்டத்து எல்டர் மரத்தடியில் புதைத்தவர் அவர்.

ஆனால் புஷல் தின்றதே! தட்டை வைத்ததும் முதலில் ஓடி வந்தது. டேண்டெலியன் இலையை வாயில் எடுத்தது. தாடை அசைந்தது. எனிட் தம் கண்ணாலேயே பார்த்தார். தின்கிற பிராணி ஏன் இளைக்க வேண்டும்? வீட்டில் ஓட்டை இல்லை. அப்படியானால் ஓட்டை வெளியில்தான். வீட்டை விட்டுப் புஷல் போகிற இடம் ஒன்றே ஒன்று. செவ்வாயும் வியாழனும் சபைக் கூடத்து ஒத்திகை.

ஒத்திகையில் எனிட் ஆறு பன்றிகளுக்கும் வேஷம் போட்டு முடித்துவிட்டு, மேடையில் அட்டை வீட்டை நிறுத்தப் போவார். அந்த அரை மணி நேரம் பன்றிப் பெட்டி பக்கத்துச் சமையலறையில் இருக்கும், அங்கேதான் கதகதப்பு. காவல் நார்மன்.

இரண்டாவது ஒத்திகையிலேயே நார்மன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

“மிஸ் கிராப்ட்ரீ, ஒண்ணு சொல்லட்டுமா? புஷல் இந்த வருஷம் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டுமே. அவன் வாய் ஒரு மாதிரி இருக்கு. வேணும்னா என் கிளெமெண்ட் தாத்தா வேஷம் போடுவான்.”

நான்கு வாக்கியங்கள். எனிட் காதில் விழுந்தது நான்காவது மட்டும்.

“கிளெமெண்டா?”

“அவனும் வெள்ளைதானே.”

“அதான் பாக்கறேன், மிஸ்டர் ஸ்டாக்டேல். அவனும் வெள்ளைதான்.”

அதை இப்போது நினைத்துப் பார்த்ததும் எனிட்டுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. முதல் வேஷத்துக்கு ஆசை. அதற்காகப் புஷலை இளைக்க வைக்கிறார்கள். அல்லது, இது இன்னும் மோசம், பன்றியையே மாற்றுகிறார்கள். வெள்ளைக்கு வெள்ளை. வேஷம் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?

அடுத்த செவ்வாய் ஒத்திகைக்குக் கிளம்புமுன் புஷலை நிறுத்தார். ஆயிரத்துத் தொண்ணூற்றாறு. திரும்பி வந்து, தொப்பிகூடக் கழற்றாமல், மறுபடி நிறுத்தார். ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு.

இருபத்திரண்டு கிராம் கூடுதல்!

எனிட் நாற்காலியில் உட்கார்ந்தார். சபைக் கூடத்தில் ஒரு மணி நேரம் இருந்து எந்தப் பன்றியும் இருபத்திரண்டு கிராம் பருத்ததாகச் சரித்திரம் இல்லை. அங்கே பிரசங்கம் கேட்டு இளைத்தவர்கள்தான் உண்டு. ஆகவே இது வேறு பன்றி.

பெட்டிக்குள்ளிருந்து புஷல் அவரைப் பார்த்தது. புஷல் பார்க்கிற மாதிரிதான் பார்த்தது. அதுவும் சந்தேகமாக இருந்தது.

வியாழன் காலை புஷலின் பின்னங்கால் நகம் ஒன்றில் ஊதா நகப்பூச்சு ஒரு புள்ளி வைத்தார். அவர் முத்திரை குத்திய கடைசிப் பொருள் அதுதான். மாலை திரும்பி வந்ததும் பார்த்தார். புள்ளி இருந்தது. எடை மறுபடி பத்தொன்பது கிராம் ஏறியிருந்தது. மற்றவர்களாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார்கள். எனிட், அவர்கள் புள்ளியைக் கவனித்துவிட்டு அதே போலக் கிளெமெண்டுக்கும் வைத்திருப்பார்களோ என்று யோசித்தார். நகப்பூச்சு யாரிடம் இருக்கும்? டோரீனிடம் இருக்கும்.

டோரீன் கூடத்தில் தேநீர் போடுகிறவர். உலகத்தையே ‘கண்ணு’ என்று கூப்பிடுவார், பிரசங்கியார் உள்பட. மறுநாள் கடைத்தெருவில் எனிட் அவரைப் பிடித்தார்.

“டோரீன், நான் மேடையில இருக்கறப்ப சமையலறையில என்ன நடக்குது?”

“என்ன நடக்கும் கண்ணு? தண்ணி கொதிக்கும்.”

“ஸ்டாக்டேல் என்ன பண்றார்?”

டோரீன் கையுறையை ஒரு தடவை கழற்றி மாட்டினார். “நல்லா பாத்துக்கறார். நீயே அவர்கிட்ட கேளேன். மனுஷனோட பேசினா ஒண்ணும் தேய்ஞ்சிடாது.”

“அப்ப கேக்கறதுக்கு ஏதோ இருக்கு.”

“அடக் கடவுளே! உன்கிட்ட வணக்கம் சொன்னாக்கூட ரசீது கேப்பே போல!” டோரீன் நகர்ந்துவிட்டார்.

இவளும் கூட்டு என்று எனிட் முடிவு கட்டினார். ஞாயிறன்று புஷலின் பஞ்சுத் தாடியைத் துவைக்க எடுத்தபோது, உள்பக்கம் பச்சையாகக் காய்ந்த கறை. முகர்ந்தார். புல் வாடையோடு வேறு ஏதோ ஒன்று. அன்றைய எடை ஆயிரத்து எழுபது. இப்போது புஷல் இலையிடம் ஓடி வரவில்லை. நடந்து வந்தது. முதுகெலும்பு விரலுக்குத் தட்டியது. தடவிக்கொடுத்த கை அங்கேயே நின்றது. எதிர்ப்பட்டவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல அவருக்கு இருந்தது. அதே சமயம், பன்றியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, ஜன்னலில் யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பியும் பார்த்தார்.

கடைசி வியாழன் ஒத்திகை. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள். எனிட் பழைய வேலைமுறைக்குத் திரும்பினார். மேடைக்குப் போகிறேன் என்று உரக்கச் சொன்னார். போகிற மாதிரி காலடி வைத்தார். பிறகு காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அறுபத்தெட்டு வயதுக்கு மெச்சத்தக்க அமைதியோடு, சமையலறைப் பலகைக் கதவின் இடுக்கில் வந்து நின்றார்.

நார்மன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டுக்குள் புஷல், தாடி ஒரு காதில் தொங்க. நார்மன் கையில் ஊசி இல்லாத மருந்துக்குழல். அதில் பச்சையாக ஏதோ. அதைப் புஷலின் வாய் ஓரத்தில் செருகி அழுத்தினார்.

எனிட் கதவைத் தள்ளினார். “கையும் களவுமா! அப்படியே வையுங்க அதை!”

“கத்தாதீங்க மிஸ் கிராப்ட்ரீ,” என்றார் நார்மன், தலை நிமிராமல். “புரையேறிடும் அவனுக்கு.”

“என்ன அது குழல்ல?”

“அவனோட தீவனந்தான். ஊறப்போட்டு மசிச்சது. கொஞ்சம் பூசணி.” இன்னொரு சொட்டு அழுத்தினார். புஷல் விழுங்கியது. “மென்னு தின்னு மூணு வாரம் இருக்கும் இவன்.”

“பொய். தினம் தின்னறான். நான் பாக்கறேன்.”

“எடுக்கறான். தின்னலை. பாருங்க.” நார்மன் ஒரு டேண்டெலியன் இலையை நீட்டினார். புஷல் வாயில் வாங்கியது. தாடை அசைந்தது, வழக்கம்போல. நார்மன் துண்டின் மடிப்பைத் தூக்கிக் காட்டினார். இலை முழுதாக, ஈரமாக, அடியில் கிடந்தது. பல் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை.

எனிட் அந்த இலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் எந்தக் கசாப்புக்காரனும் அவரை இவ்வளவு சுத்தமாக ஏமாற்றியதில்லை.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே. வாய் ஒரு மாதிரி இருக்குன்னு.”

“ஒழுங்கா சொல்லியிருக்கணும்!”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

எனிட் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். “இல்லை,” என்றார்.

“அப்ப எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன்,” என்றார் நார்மன். “டாக்டர்கிட்ட நானே கொண்டுபோக முடியாது, உங்க பன்னி, என் பன்னி இல்லை. இன்னைக்கு எப்படியும் உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். தைரியம் வரட்டும்னு பாத்தேன்.”

டோரீன் கொதிகலத்துக்குப் பின்னாலிருந்து, “நாலு வியாழனா வரட்டும்னு பாக்கறார்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கால்நடை மருத்துவர் ஷாஹிதா விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் வளர்ந்து நாக்கின்மேல் பாலம் போட்டிருந்தன. நாக்கு அடியில் கைதி. மயக்கம் கொடுத்து ராவிவிட்டார்.

“இதுங்க நடிக்கும் எனிட்,” என்றார் மருத்துவர். “கூட்டத்துல எது நொண்டுதோ அதைத்தானே பருந்து தூக்கும்? அதனால முடியலைன்னா முதல்ல அதை மறைக்கும். யாரோ ஊட்டியிருக்காங்க. இல்லேன்னா போன வாரமே போயிருப்பான். இப்ப கேளுங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழல்ல ஊட்டணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவனா மென்னு தின்னா பிழைச்சான். இல்லேன்னா குடல் நின்னுடும்.”

எனிட் ஊட்டினார். அதாவது, ஊட்டப் பார்த்தார். புஷல் வாயை இறுக மூடிக்கொண்டது. மேலாடை பச்சை, மேசை பச்சை, எனிட்டின் கண்ணாடி பச்சை. உள்ளே போனது சொட்டுக்கூட இல்லை. ஆறு வருடம் சோறு போட்ட கை. முன்பின் தெரியாதவர் கையைப் பார்ப்பதுபோல அது அந்தக் கையைப் பார்த்தது. எனிட்டுக்கு அந்தப் பார்வை பழக்கமானது. கண்ணாடியில் தினம் பார்க்கிறதுதான்.

சனிக்கிழமை, வெளுத்தும் வெளுக்காததுமாக எனிட் நார்மன் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றார்.

“உங்க கையிலதான் தின்னறான்,” என்றார், வழக்கில் ஒரு குறிப்பைப் படிப்பதுபோல.

நார்மன் பெட்டியை வாங்கினார். எனிட் எதிரே உட்கார்ந்து, குழலில் எத்தனை போகிறது என்று கோடு கோடாகப் பார்த்தார். முழுதும் போயிற்று. காலையில் ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை. ஆனால் பக்கத்தில் வைத்த புல் அப்படியே இருந்தது. அடுத்த தடவை சரியாக மூன்று மணிக்கு.

“மூணு மணிக்கு நான் வாசிக்கணுமே,” என்றார் நார்மன்.

“நீங்க வாசிக்க வேண்டாம். நீங்க சமையலறையில இவனோட இருங்க.”

“அப்ப யார் வாசிக்கறது?”

எனிட் பொது இடத்தில் வாய் திறந்தது நீதிமன்றத்தில் மட்டும்தான். அன்று கூடத்தில் நூற்றிருபது பேர் முன்னால் நின்று, சத்தியப் பிரமாணம் எடுத்தவர்போல ஆரம்பித்தார்.

*புல்லும் முடிந்தது, சொல்லும் முடிந்தது, பெட்டியில் சத்தமில்லை;*
*நல்ல கேரட் வருமா என்கிற நினைப்புக்குத் தூக்கமில்லை.*

ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியும் குற்றப்பத்திரிகைபோல விழுந்தது. ‘வந்தவர் யாரென’ என்ற இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் தாமாகவே கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். அந்த வருடத்துத் தாத்தா பெக். புஷலின் கோட்டுக்குள் அது பாதிதான் இருந்தது. மீதிக் கோட்டு தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. அப்பாவின் கட்டில் காலி. “அப்பா எங்கே?” என்று ஒரு சிறுமி கேட்டாள். “விசாரணையில் இருக்கிறார்,” என்று பாட்டை நிறுத்திச் சொல்லிவிட்டு எனிட் தொடர்ந்தார். சனங்கள் சிரித்தார்கள். எனிட்டுக்கு ஏன் என்று புரியவில்லை. அவர் கண்கள் தாளில் இல்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தேநீர் கொடுக்கிற சின்ன ஜன்னலில் இருந்தன. அது மூடியிருந்தது.

கடைசி இரண்டு வரி இருக்கும்போது ஜன்னல் திறந்தது. டோரீனின் தலை தெரிந்தது. டோரீன் வாயைத் திறந்து, மூடி, மெல்லுகிற மாதிரி தாடையை அசைத்துக் காட்டினார்.

எனிட் கடைசி இரண்டு வரியை விழுங்கிவிட்டார். கைதட்டலுக்கு நிற்கவில்லை.

சமையலறையில் நார்மன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் புஷல். வாயிலிருந்து ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே போயிற்று.

எனிட் கிட்டே போனார். குனிந்து காதைக் கொண்டுபோனார். கறுக் கறுக் என்று சின்னச் சத்தம். துண்டின் மடிப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. நார்மனின் சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நாற்காலிக்கு அடியிலும் பார்த்தார்.

“தின்னுட்டான் மிஸ் கிராப்ட்ரீ,” என்றார் நார்மன். அவர் குரல் வாசிக்கிற குரலாக இல்லை.

எனிட் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இன்னொண்ணு குடுங்க, நார்மன்,” என்றார். “நான் சரியாப் பாக்கல.”